மாதங்களை நிற்க வைத்த நெடுக்கக்கா

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையன் அல்ல, சம்பளம் வாங்கும் மடையன். அட்டவணை அமைப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் அதில் எது குறுக்கு வரிசை, எது நெடுக்கு வரிசை என்று யாராவது திடீரென்று கேட்டால் எனக்கு வியர்த்துவிடும். மீட்டிங்கில் அந்தப் பேச்சு வந்தால் மேஜைக்கு அடியில் கையைப் படுக்கவைத்துப் பார்ப்பேன், பிறகு நிமிர்த்திப் பார்ப்பேன். எதிரே இருப்பவர் எனக்குக் கைச்சுளுக்கு என்று நினைத்துக்கொள்வார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று முகத்தைக் கொஞ்சம் சுளித்து வைப்பேன்.

இப்படிப்பட்டவனைக் கடவுள், குறுக்கு நெடுக்கு விஷயத்தில் உயிரையே விடக்கூடிய ஒரே மனுஷியின் பக்கத்து நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். சம்பள ரசீதில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் நெடுக்கக்கா. வருஷத்தின் மாதங்கள் மேலிருந்து கீழாகத்தான் இறங்கவேண்டும், குறுக்கே ஓடக்கூடாது என்பது அவர் கொள்கை. காலண்டர் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்துக்காக இத்தனை பேரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவர் வேறு யாரும் இருக்க முடியாது.

எலக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடியாலேயே கட்டிய ஒரு கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். அடுத்த வருஷம் எந்த ஊரில் எவ்வளவு விற்கும் என்று கம்பெனிகள் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு மென்பொருள் உண்டு. அதில் அவர்களுக்கு வேண்டிய அட்டவணைகளைக் கட்டிக்கொடுப்பது எங்கள் வேலை. சூத்திரம் எழுதுவதற்குத் தனி ஆட்கள். அட்டவணையின் முகத்தை அமைப்பதற்குத் தனி ஆட்கள். எது இடது ஓரத்தில் கீழே இறங்கவேண்டும், எது தலைக்கு மேலே குறுக்கே ஓடவேண்டும், தலைப்புகளில் என்ன எழுதவேண்டும் என்பதுதான் முகம். இடது ஓரம் ஓர் அச்சு, மேல் ஓரம் ஓர் அச்சு. மவுஸால் ஒன்றை இழுத்து இன்னொன்றின் இடத்தில் போட்டால் நின்றுகொண்டிருக்கும் அட்டவணை பொத்தென்று படுத்துவிடும். இந்த முகப் பிரிவில் இரண்டு பேர். நெடுக்கக்கா வேலை செய்வார், நான் உட்கார்ந்திருப்பேன்.

சேர்ந்த புதிதில் நானாகவே ஓர் அட்டவணையைக் கட்டி அவரிடம் பெருமையாகக் காட்டினேன். தலைப்புகளில், மென்பொருள் தானாகப் போட்டுக்கொடுக்கும் 'புதிய வரிசை 1', 'புதிய வரிசை 2' எல்லாம் அப்படியே இருந்தன. அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதாவது, பார்க்க மறுக்கிறார்.

"இன்னாப்பா இது? பேரே வெக்காத புள்ளைய ஸ்கூல்ல சேக்கக் கூட்டியாந்துட்டியா?"

"நம்பர் சரியா வருதான்னு மட்டும் பாருங்கக்கா."

"யாரோட நம்பரு? மொதல்ல அது யாருன்னு சொல்லு. அதுக்கப்புறம் ஒடம்பு எப்பிடி இருக்குன்னு பாக்கலாம்."

பெயர் வைக்க எனக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. என் சொந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. அதை மாமனாரே முடிவு செய்துவிட்டார்.

மாதம் ஏன் கீழே இறங்கவேண்டும் என்பதற்கு அக்காவிடம் ஒரு காரணம் இருந்தது. கேட்டால் கொஞ்சம் நியாயம்போலத் தோன்றும், அதுதான் ஆபத்து. மவுஸில் இருக்கிற சக்கரம் கீழ் நோக்கித்தானே சுற்றுகிறது என்பார். குறுக்கே வைத்தால் எவன் டிசம்பர் வரைக்கும் போய்ப் பார்ப்பான், செப்டம்பர் ஸ்டாப்பிலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விடுவான் என்பார். டிசம்பர் என்ன பாவம் செய்தது என்று கேட்பார். டிசம்பருக்காகக் கண் கலங்கிய ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தோடு விட்டாரா? ஆபீஸில் ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார்கள். அக்கா தன்னுடையதைக் கத்தரித்து, நாட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, பாம்புச் சட்டைபோல ஒரு நீண்ட நாடாவாக ஆக்கினார். தடுப்புப் பலகையின் உச்சியில் ஜனவரியை ஒட்டித் தொங்கவிட்டார். ஏப்ரலில் நாடா மேஜையைத் தொட்டது, ஆகஸ்டில் தரைக்கு வந்தது, மிச்சம் நாற்காலிக்கு அடியில் ஊர்ந்து குப்பைத் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒரு நாள் வாக்யூம் கிளீனரை ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் வாக்யூம் கிளீனருக்குள்தான் கொண்டாடப்பட்டது.

வெளி உலகமும் தப்பவில்லை. அக்கா சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர். அவர் போகிற சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை தமிழில், கன்னடத்தில், இங்கிலீஷில் என்று தனித்தனியாக நடக்கும். நேரங்களை எழுதிய பழைய பலகை உளுத்துப்போக, கம்ப்யூட்டர் தெரிந்தவராயிற்றே என்று புதுப் பலகையை அக்காவிடம் ஒப்படைத்தார்கள். பழைய பலகையில் மொழிகள் இடது ஓரத்தில் இருந்தன, நேரங்கள் தலைக்கு மேலே குறுக்கே ஓடின. அக்கா நேரத்தை இழுத்துக் கீழ்நோக்கி இறக்கினார். மொழிகள் தலைக்கு மேலே ஏறிக்கொண்டன. பலகையில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் பார்த்த கண்கள் பழைய கண்கள். முதல் வரி நமக்கு என்ற பழக்கத்தில் வந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அந்த ஞாயிறு, காலையில் முதலில் நடக்கும் கன்னடப் பூசையில் உட்கார்ந்திருந்தன. சிலர், பிரசங்கம் சீக்கிரம் முடிகிறது என்று அடுத்த வாரமும் அதற்கே போனார்கள். ஃபாதர் அக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் பூ அலங்காரத்தைக் கவனித்துக்கொள்ளும்படி மிகவும் அன்பாகக் கேட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரம் பீடத்தில் எல்லாப் பூவும் மேலிருந்து கீழாகத் தொங்கின.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில் ஒரு குடைக் கம்பெனி வந்து சேர்ந்தது. குடை, மழைக்கோட்டு எல்லாம் செய்து கர்நாடகம் முழுக்க விற்கிறவர்கள். எந்த மாதம் எந்த ஊர்க் கிடங்குக்கு எத்தனை குடை அனுப்புவது என்று திட்டம் போட அவர்களுக்கு ஓர் அட்டவணை வேண்டும். அந்த வேலையைப் பார்க்கிற அதிகாரியை நாங்கள் குடைக்காரர் என்போம். பாவம், நல்ல மனிதர், கழுத்தில் பட்டை போட்டிருப்பார். வருஷக்கணக்கில் எக்ஸெல்லில் வலது பக்கமாகவே பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே நின்றுவிட்டதாம். அக்கா அவருக்கு மாதங்களைக் கீழ்நோக்கி இறக்கி ஓர் அட்டவணை காட்டினார். மனிதர் உருகிவிட்டார். ஊருக்குப் போன கையோடு தன்னுடைய எக்ஸெல் எல்லாவற்றையும் அதேபோல மாற்றிக்கொண்டார். அக்காவுக்கு மடக்குக் குடை ஒன்று பரிசாக வந்தது. அவர் வாழ்க்கையில் கிடைத்த முதல் சீடர்.

மாதம் பன்னிரண்டு. கிடங்கும், போதாத காலம், பன்னிரண்டு. அட்டவணை கேரம் போர்டு மாதிரி சதுரமாக நின்றது. எவ்வளவு அழகு என்று எல்லோரும் ரசித்தோம். விஷப் பாம்பைக்கூட முதலில் அப்படித்தான் ரசிப்பார்கள் போலிருக்கிறது.

இந்த நேரத்தில் எங்கள் மேனேஜர் சந்துரு சார் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்தார். மேனேஜர்கள் பயிற்சிக்குப் போவதை அரசாங்கம் தடை செய்யவேண்டும். உலகம் முழுக்க மாதங்கள் குறுக்கேதான் ஓடுகின்றனவாம், நாம் மட்டும் நிற்கவைத்துக்கொண்டு இருக்கிறோமாம். குடைக் கம்பெனி முதலாளி நேரில் வந்து பார்க்கப்போகிறார், அதற்குள் அட்டவணை படுத்தாகவேண்டும் என்றார். அக்காவிடம் அவர் ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டார். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

சந்துரு சார் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர். கோபம் வந்தால் தமிழ் முன்னால் வந்துவிடும். என்னைத் தனியாக அழைத்தபோது தமிழிலேயே ஆரம்பித்தார்.

"நீ பேசினா எல்லாரும் சிரிக்கறாங்கல்ல குரு, அவங்களையும் சிரிக்க வெச்சு மாத்திடு. ஆக்சிஸ் மாறலேன்னா டீம் மாறும். முகத்துக்கு ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் மேல போகட்டும்."

எந்த ஒருத்தர் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவங்களுக்கு வேலை தெரியும்" என்றார்.

மேலே என்றால் ஐந்தாவது மாடி. எந்தத் திட்டத்திலும் இல்லாதவர்களை உட்காரவைக்கும் இடம். பெஞ்ச் என்பார்கள், ஆனால் நாற்காலிகள் எல்லாம் மெத்தென்று இருக்கும். காபி உண்டு, கம்ப்யூட்டர் உண்டு, ஜன்னலோரக் காற்று உண்டு, வேலை மட்டும் கிடையாது. கொஞ்ச காலத்தில் எச்.ஆர். கூப்பிட்டு ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள். எச்.ஆர். மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம்.

எனக்கோ சந்தாபுராவில் மாமனார் வீட்டு மாடியில் குடித்தனம். வேலை போனால் அந்த மனிதர் பகல் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அவர் இருதய நோயாளி. ஒரு உயிர் என் கையில் இருந்தது.

என் கெஞ்சல் கபாபில் தொடங்கியது. சிவாஜிநகரில் அக்காவுக்குப் பிடித்த கடையிலிருந்தே ரோல் வாங்கி வந்து நீட்டினேன். நிதானமாகச் சாப்பிட்டார், விரலைத் துடைத்துக்கொண்டார், "நக்கோ" என்றார், சிவாஜிநகர் பாஷையில் வேண்டாம் என்று. மென்பொருளை விற்றவர்களே குறுக்காகத்தான் காட்டுகிறார்கள் என்று ஆதாரம் காட்டினேன். வீடு விற்கிறவன் எல்லாம் வீட்டில் குடியிருக்கிறானா என்று கேட்டார். கடைசியில் உலகத்தையே இழுத்தேன்.

"அக்கா, உலகமே குறுக்கத்தான் வெக்குதாம்."

"உலகம் சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்லயுந்தான் நிக்குது. அதுக்காக அது ரோடு ஆயிடுமா? சும்னே பேஜார் பண்ணாதே."

அழுது பார்த்தேன். நான் அழுதால் அது ஏதோ நடிப்பு என்று பக்கத்து மேஜைக்காரர்கள் வந்து கூடிவிட்டார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். வேலை போவதைப் பற்றி மட்டும் அக்காவிடம் மூச்சு விடவில்லை. இரக்கத்தில் மாறுகிற அட்டவணை எனக்கு வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன் என எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், சொன்னால் 'மேல காத்து நல்லா வரும், போயேன்' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

முதலாளி வருவதற்கு முந்தின நாள் நான் மேஜை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். அதில் பாதி பிஸ்கட் காகிதம். மத்தியானம் அக்கா சாப்பாடு முடிந்து லிஃப்டில் வந்தார். உட்கார்ந்தார், அட்டவணையைத் திறந்தார், இடது ஓரத்தில் இருந்த மாதங்களைப் பிடித்து மேல் ஓரத்துக்கு ஒரே இழுப்பு இழுத்தார். கிடங்குகள் இடது ஓரத்துக்கு வந்துவிட்டன. அட்டவணை படுத்துவிட்டது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிசம்பர் எங்கே தெரியுதா? வெளிய நிக்குது."

"யாருக்கா உங்ககிட்ட சொன்னது?"

"சந்துரு லிஃப்ட்ல போன்ல பேசினா பில்டிங்குக்கே கேக்கும். எடுத்ததெல்லாம் திரும்ப உள்ள வெய்யி. உன் மாமனாருக்கு ஹார்ட்டு வீக்கு."

மறுநாள் முதலாளி வந்தார். கூடவே குடைக்காரர், கழுத்துப் பட்டையோடு, சீடனுக்கே உரிய மலர்ச்சியோடு. அட்டவணை படுத்துவிட்ட செய்தி அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருப்பேன் என்று சந்துரு சார் நினைத்திருந்தார். அக்கா சொல்லியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். இந்தத் துக்கச் செய்தியை எப்படித் தன் வாயால் சொல்வது என்று அக்கா நினைத்திருந்தார்.

குடைக்காரர் தன் முதலாளிக்கு முன்னால் தானே செய்து காட்ட ஆசைப்பட்டார். தன் எக்ஸெல்லில் இருந்த எண்களை மொத்தமாக வாரி எடுத்து, எங்கள் அட்டவணையில் ஒட்டினார். அவருடையதில் மாதங்கள் இன்னும் கீழ்நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தன. வேறு எந்த அட்டவணையாக இருந்தாலும் அளவு பொருந்தவில்லை என்று மென்பொருள் கத்தியிருக்கும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கச்சிதமாகப் பொருந்தி, ஒரு முனகல்கூட இல்லாமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

ஜனவரி வரியில் இருந்த எண்கள் முதல் கிடங்கான மங்களூருக்குப் போய் உட்கார்ந்தன. ஜூன் வரி ஆறாவது கிடங்குக்குப் போயிற்று. அது வெயிலில் காய்கிற பெல்லாரி. ஜூலை ராய்ச்சூருக்கு, ஆகஸ்ட் கலபுரகிக்கு. ஆக, திரையில் தெரிந்த திட்டப்படி மங்களூரில் வருஷம் முழுக்கச் சொட்டு மழை கிடையாது. பெல்லாரியில் பன்னிரண்டு மாதமும் அடைமழை. லாரி லாரியாகக் குடை அங்கே போகிறது.

முதலாளி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். சொந்த ஊர் பெல்லாரியாம். எங்கள் ஊரில் மழையா என்று கன்னடத்தில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். ஏக்கமாகக் கேட்டார். சந்துரு சார் கூரையைப் பார்த்தார். குடைக்காரர் பார்க்க விரும்பியும் கழுத்து விடவில்லை. அக்கா எழுந்து வந்து நடந்ததைக் கண்டுபிடித்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். ஆனால் முதலாளி அதற்குள் மேஜைக்கு அடியில் கழற்றிவிட்டிருந்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மழைக்காலம் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடிக்கொண்டது. இனி ஒருவர் மேலே போயே ஆகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சந்துரு சார், தானே உத்தரவு போட்டதை ஐந்தாவது மாடிக்கும் மேலே எங்கேயோ வைத்துவிட்டு, அச்சை மாற்றியது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் அக்கா. "என் கையால இழுத்தேன். இவனுக்கு இழுக்கவே தெரியாது."

நான் எழுந்துவிட்டேன். அக்காவுக்கு இதில் ஒன்றும் இல்லை, நான்தான் கெஞ்சினேன், அழுதேன், கபாப் வாங்கிக் கொடுத்தேன், என்னை அனுப்புங்கள் என்று உரக்கச் சொன்னேன். கபாப் என்ற சொல் வந்ததும் அறை முழுக்கச் சிரித்தது. இந்த நேரத்திலும் இவனுக்குக் காமெடியைப் பார் என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்றேன். இன்னும் சிரித்தார்கள். சந்துரு சாருக்கே உதடு துடித்தது. வாழ்நாள் முழுக்க எல்லோரையும் சிரிக்கவைத்தே காலத்தை ஓட்டியவன், ஒரே ஒரு நாள் சிரிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அது நடக்கவில்லை. சிரிக்காதவர் அந்த அறையில் அக்கா ஒருவர்தான். போதும் உட்கார் என்று கையைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை அக்கா தன் காபிக் கோப்பையையும் மடக்குக் குடையையும் எடுத்துக்கொண்டு மேலே போனார். லிஃப்ட் இன்னமும் நெடுக்காகத்தான் போகிறது என்பதில் அவருக்கு ஏதாவது ஆறுதல் இருந்திருக்குமோ என்னவோ. நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். உடைத்துவிடுவேன் என்று கொடுக்கவில்லை.

இந்த ஊரில் என்னை வேலைக்கு ஆகாதவன் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். மாமனாரில் தொடங்கி வரிசை நீளும். அப்படிச் சொல்லிவிட்டு, தன் வேலையையும் எனக்கு விட்டுக்கொடுத்துப் போனவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை அக்காவின் அட்டவணைகள் எல்லாம் என் பெயருக்கு வந்துவிட்டன. ஒன்றைத் திறந்தேன். ஒவ்வொரு தலைப்பும் யார் என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டு நின்றது. பக்கத்து நாற்காலியைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "அக்கா, உங்க டேபிள் எல்லாம் இப்ப என்கிட்டதான் இருக்கு. கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறேன். நீங்க கவலையே படாதீங்க."

மேலே வேலை ஒன்றும் இல்லையல்லவா, பதில் உடனே வந்தது.

"எதையும் தொடாதே."